காலக்ஸிகள்: ஒரு பிழைதிருத்தம்

(2025 டிசம்பரில் புனே அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஓர் உத்தரவு தப்பாகப் போய்விட்டால் அதைக் கிழித்துப் போட முடியாது. 'பிழைதிருத்தம்' என்று தலைப்பிட்டு இன்னொரு தாள் அடித்து, முதல் தாள் யார் யாருக்குப் போயிற்றோ அத்தனை பேருக்கும் அனுப்ப வேண்டும். நான் புள்ளிவிவரத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். அந்த மாதிரி எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு என்னுடைய பேச்சுக்கே ஒன்று போட வந்திருக்கிறேன்.

2013-ல் இதே ஹாலில் காலக்ஸிகளைப் பற்றிப் பேசினேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அன்றைய கேசரியாவது ஞாபகம் இருக்கும். அன்று நான் அடித்துச் சொன்ன சில விஷயங்கள் இன்று நிற்கவில்லை. ஒன்று, சொன்ன அன்றைக்கே தப்பு. அது முழுக்க என் தப்பு. மற்றவற்றை விஞ்ஞானமே பிற்பாடு மாற்றிக்கொண்டது. பேச்சு முடிந்ததும் முதல் வரிசையில் வலது ஓரத்திலிருந்து ஒரு நண்பர் எழுந்தார். பேங்கில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிட்டயர் ஆனவர். "ஏன் ஸார், ஆண்ட்ரோமெடா நம்ம மேல வந்து மோதும்னேளே, அது நிச்சயமா? இல்லே, உங்க டிபார்ட்மெண்ட் புள்ளிவிவரம் மாதிரியா?" என்று கேட்டார். சபை சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "நூற்றுக்கு நூறு நிச்சயம். தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றேன். அவர் 2021-ல் காலமாகிவிட்டார். அவருக்குச் சொன்ன பதிலுக்கு இப்போது வருகிறேன். அதற்கு முன், புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை.

காலக்ஸி என்பது நட்சத்திரங்கள், வாயு, தூசு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எல்லாம் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் ஒரு மாபெரும் குடித்தனம். நம் சூரியன் இருப்பது ஆகாச கங்கை என்ற காலக்ஸியில். இதன் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இதில் இருக்கும் நட்சத்திரங்கள் பத்தாயிரம் கோடியிலிருந்து நாற்பதாயிரம் கோடிக்குள் என்கிறார்கள். ஒரு சென்ஸஸுக்கு இத்தனை இடைவெளி விட்டு ரிப்போர்ட் கொடுத்திருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். ஆனால் அவர்கள் கஷ்டத்தைப் பாருங்கள்: வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே வீட்டின் பிளான் வரைய வேண்டியிருக்கிறது. மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி, ஓரமாக நாம் இருக்கிறோம். மையம் தனுசு ராசியின் திசையில் இருக்கிறது. சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு மையத்தை ஒரு தடவை பிரதட்சிணம் செய்ய சுமார் 23 கோடி வருஷம் ஆகிறது.

இந்த ஆகாச கங்கையை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது 1976-ல், பஸ்தர் ஜில்லாவில். சர்வே வேலையாகப் போன இடத்தில் ஜீப் மக்கர் பண்ணிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மின்சாரமே கிடையாது. பி.எஸ்ஸி. பௌதிகத்தில் காலக்ஸி பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதியவன்தான் நான். ஆனால் அன்றைக்கு அந்த வெள்ளைப் பட்டை தலைக்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிடந்தபோது, முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். டிரைவர்தான், "மேகம் இல்லை சாப், நகரவில்லை பாருங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார்.

இதே மாதிரி மேகம் போன்ற ஒரு சின்னத் திட்டை ஆண்ட்ரோமெடா பகுதியில் கண்டு கி.பி. 964 வாக்கில் பாரசீக வானியலாளர் அல்-ஸூஃபி எழுதி வைத்தார். 1845-ல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தம் எழுபத்திரண்டு அங்குலத் தொலைநோக்கியால் எம்-51 என்ற திட்டைப் பார்த்து, அது சுருளாக இருப்பதைக் கையாலேயே படம் வரைந்தார். ஆனால் இந்தத் திட்டுகள் நம் ஆகாச கங்கைக்கு உள்ளேயா, வெளியேயா? 1920-ல் வாஷிங்டனில் ஷேப்லி, கர்டிஸ் என்ற இரண்டு பெரியவர்கள் மேடையில் வாதம் செய்தும் முடிவுக்கு வரவில்லை. முடித்து வைத்தவர் எட்வின் ஹப்பிள். ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்த மனிதர். 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளியின் பக்கத்தில், புதிதாக வெடித்த நட்சத்திரம் என்று அடையாளம் போட்டிருந்தார். பிறகு பழைய தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதை அடித்துவிட்டு, 'மாறும் நட்சத்திரம்' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய பிழைதிருத்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். அந்த மாதிரி நட்சத்திரம் எத்தனை நாளுக்கு ஒரு முறை மங்கிப் பிரகாசிக்கிறது என்பதிலிருந்து அதன் உண்மையான ஒளியைக் கணக்கிடலாம் என்று ஹென்ரியட்டா லெவிட் என்ற அம்மையார் 1912-லேயே காட்டியிருந்தார். அதை வைத்து ஹப்பிள் போட்ட கணக்கில் ஆண்ட்ரோமெடா ஒன்பது லட்சம் ஒளியாண்டு தூரத்தில் வந்தது. இன்றைய கணக்கு 25 லட்சம். தொகை தப்பு, முடிவு சரி: அது தனிக் குடித்தனம்தான்.

1926-ல் ஹப்பிள் காலக்ஸிகளை உருவத்தை வைத்து வகை பிரித்தார். நான் சமையலறை பாஷையில் சொல்கிறேன். மாமிகளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. நீள்வட்டக் காலக்ஸி என்பது லட்டிலிருந்து கொழுக்கட்டைவரை. முழு உருண்டையானால் ஈ-0, மிகவும் நீண்டு போனால் ஈ-7. சுருள் காலக்ஸி என்பது ஆப்பம்: நடுவில் தடிப்பு, சுற்றிலும் மெல்லிய தட்டு. மேலிருந்து பார்த்தால் அந்தத் தட்டில் சுருள் கரங்கள் தெரியும். சில சுருள்களில் நடுவே கம்பி வைத்தாற்போல ஒரு பட்டை உண்டு. கம்பியின் இரு முனையிலிருந்தும் கரங்கள் கிளம்பும். நம் ஆகாச கங்கையும் பட்டைச் சுருள்தான். அதை 2005-ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி உறுதிப்படுத்தியது. சுருளுக்கும் நீள்வட்டத்துக்கும் நடுவில், தட்டு உண்டு ஆனால் கரங்கள் இல்லை என்ற லென்ஸ் வடிவம் ஒன்று: பக்கவாட்டில் பார்த்த இட்லி. இதிலெல்லாம் அடங்காதவை ஒழுங்கற்ற காலக்ஸிகள். சர்க்கார் படிவத்தில் கடைசிப் பத்தி 'மற்றவை' என்று இருக்குமே, அதுதான். மகெல்லன் மேகங்கள் இரண்டையும் இங்கேதான் போட்டார்கள்; கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெற்கு அடிவானத்தை ஒட்டிக் கண்ணில் படக்கூடியவை அவை.

ஹப்பிள் இவற்றை இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தினார். லட்டு இடது கோடியில். வலது பக்கம் சுருள்கள் இரண்டு கிளையாக, இசைக் கவை போல. இடது பக்கத்தவற்றுக்கு 'முந்தியவை' என்றும் வலது பக்கத்தவற்றுக்குப் 'பிந்தியவை' என்றும் பெயர் வைத்தார். இங்கேதான் நான் சறுக்கினேன். சீனியாரிட்டி லிஸ்ட் பார்த்துப் பழகிய கண் அல்லவா! 2013-ல் என்ன சொன்னேன் தெரியுமா? காலக்ஸி முதலில் உருண்டையாகப் பிறக்கிறது, சுற்றச் சுற்றத் தட்டையாகிறது, கடைசியில் கரங்கள் முளைத்துச் சுருளாகிறது என்று. அது 1920-களில் சிலர் நம்பிய சமாசாரம். நான் காலேஜில் படித்த பழைய புத்தகத்தில் இருந்தது. முந்தியவை, பிந்தியவை என்பது வரிசையில் உள்ள இடமே தவிர வயதல்ல என்று ஹப்பிளே எச்சரித்திருந்தார். அதை நான் படிக்கவில்லை.

அன்று காபி வாங்குகிற இடத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். நம் அங்கத்தினர் ஒருவரின் மகள், அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். "மாமா, ஒண்ணு கேட்கலாமா? நீள்வட்டத்துல புது நட்சத்திரம் பண்றதுக்கு வாயுவே மிச்சம் இல்லையே. அது எப்படிச் சுருளா மாறும்?" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு யோசித்தேன். அவள் சொன்னதுதான் சரி. நீள்வட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் வயதான, சிவந்த நட்சத்திரங்கள். பிரசவம் ஏறக்குறைய நின்றுபோன வீடு. சுருளில்தான் நீல நிறத்தில் இளம் நட்சத்திரங்கள், குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு எல்லாம். அந்த ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலை விடுகிறது. அதைக் கேட்கத்தான் நமக்கு எண்பது கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கம் கோடத்தில், 45 மீட்டர் அகலத்தில் முப்பது ஆண்டெனாக்களைக் கோவிந்த் ஸ்வரூப் நிறுவினார். ஆக, லிஸ்டில் முந்தி எழுதப்பட்டவர் தலை நரைத்தவர், பிந்தி எழுதப்பட்டவர் வாலிபர். நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

அந்தச் சுருள் கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரம் என்றதும் நம் கை மாதிரி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். அப்படி இருந்தால், உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றி முடிக்க, வெளியே இருப்பவை பின்தங்க, சில சுற்றுக்குள் கரங்கள் நூல் கண்டு மாதிரி இறுகிப் போயிருக்கும். போகவில்லையே, ஏன்? 1964-ல் லின், ஷூ என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். காட் ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் மெதுவாக ஏறுகிறது. அதன் பின்னால் நெரிசல். ஒவ்வொரு காராக அதில் போய் மாட்டி, ஊர்ந்து, முந்திக்கொண்டு வெளியே போய்விடுகிறது. புதிய கார்கள் வந்து சேருகின்றன. மேலே ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பவனுக்கு நெரிசல் அப்படியே இருக்கிறது, அதிலுள்ள கார்கள்தான் வேறு. கரம் என்பது அந்த நெரிசல். வாயு மேகங்கள் உள்ளே நுழையும்போது நசுக்கப்பட்டு நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பிரகாசமானவை நெரிசலைத் தாண்டுவதற்கு முன்பே ஆயுசு முடிந்து வெடித்துவிடுகின்றன. அதனால்தான் கரம் பளிச்சென்று தெரிகிறது. நம் சூரியனும் பலமுறை உள்ளே போய் வெளியே வந்திருப்பான். எல்லாச் சுருளுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது, கிழிந்த துணி போலக் கரங்கள் சிதறியவையும் உண்டு. ஆனாலும் பெங்களூர் ஹைவேயில் நெரிசலில் மாட்டும்போதெல்லாம் எனக்கு லின்-ஷூ ஞாபகம் வருகிறது. பக்கத்தில் இருக்கும் என் சம்சாரத்துக்கு வருவதில்லை.

ரிட்டயரான பிறகு நானும் காலக்ஸிகளை வகை பிரித்திருக்கிறேன். கேலி இல்லை. 'காலக்ஸி ஜூ' என்று 2007-ல் இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பித்தார்கள். தொலைநோக்கி எடுத்த படங்கள் ஒன்பது லட்சம். பார்க்க ஆள் இல்லை. பொதுமக்களே, கம்ப்யூட்டரில் பார்த்து உருண்டையா சுருளா என்று சொல்லுங்கள் என்றார்கள். பேத்தி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் சந்தி முடிந்ததும் தினம் இருபது படம் பார்ப்பேன். அதில் என் துறைக்காரர்கள் ரசிக்கும் விஷயம் ஒன்று. வந்த பதில்களைக் கூட்டிப் பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும் சுருள்கள் வலஞ்சுழியைவிட அதிகமாக இருந்தன. பிரபஞ்சத்துக்கே ஓரவஞ்சனையா என்று திகைத்து, படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். அப்போதும் இடஞ்சுழியே அதிகம் வந்தது! கோளாறு வானத்தில் இல்லை, பார்த்தவர்களிடம். அதுமட்டுமல்ல, சிவந்த சுருள்களும் நீலமான நீள்வட்டங்களும்கூட அதில் கிடைத்தன. நரைத்த வாலிபர்களும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நண்பரின் கேள்வி. காலக்ஸிகள் மோதினால் சுருளின் தட்டு குலைந்து, நட்சத்திரங்கள் கண்டபடி சிதறி, கடைசியில் பெரும்பாலும் லட்டாக முடியும் என்று டூம்ரே சகோதரர்கள் 1972-ல் கம்ப்யூட்டரில் காட்டிய வழியில் இன்று நம்புகிறார்கள். கன்னி ராசித் திசையில் ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் எம்-87 என்ற பிரம்மாண்டமான லட்டு இருக்கிறது. 2019-ல் கருந்துளையின் படம் என்று பத்திரிகைகளில் வந்ததே, அது இதன் நடுவில் எடுத்ததுதான். பல காலக்ஸிகளை விழுங்கித்தான் அது அவ்வளவு பெரிதாகியிருக்கிறது. மோதல் என்றதும் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். சூரியன் இந்த மேஜைமேல் ஒரு கடுகு என்றால், அடுத்த கடுகு லோனாவலாவுக்குச் சற்று முன்னால். முட்டிக்கொள்ளச் சந்தர்ப்பமே இல்லை.

ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி விநாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பக்கவாட்டில் அதிகம் நகரவில்லை, எனவே 400 கோடி ஆண்டுகளில் மோதல் நிச்சயம் என்று 2012-ல் ஹப்பிள் விண்தொலைநோக்கி அளவுகளை வைத்து அறிவித்தார்கள். அதை நம்பித்தான் நான் 'நூற்றுக்கு நூறு' என்றேன். 2025 ஜூனில் வந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பெரிய மகெல்லன் மேகம், எம்-33 ஆகிய பக்கத்து வீட்டுக்காரர்களின் இழுப்பையும் சேர்த்து, அளவுகளில் உள்ள பிழை வரம்பையும் வைத்துப் பல்லாயிரம் முறை கணக்குப் போட்டுப் பார்த்தால், அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் மோதுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிதானாம். நாணயம் சுண்டுகிற கதை. பிழை வரம்பு! முப்பத்து நான்கு வருஷம் அந்த வார்த்தையை வைத்தே சோறு தின்றவன், அன்றைக்கு மேடையில் அதைக் கேட்காமல் விட்டேனே.

திருத்தத்தை முதல் தாள் போன இடத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்றேன் அல்லவா? ஜூலையில் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவருக்கு அப்பவே சந்தேகம்தான். வீட்டுக்கு வந்து, 'அத்தனை தூரத்து லெட்ஜர்ல இவ்வளவு உறுதியா யாரும் எழுத முடியாது'ன்னார்" என்றார்கள். என்னிடம் எட்டு வருஷம் அவர் இதைச் சொல்லவேயில்லை.

கடைசியாக நம் ஊர்ச் செய்தி ஒன்று. ஆதி காலத்துக் காலக்ஸிகள் எல்லாம் உருவம் பிடிபடாத கூழாகத்தான் இருந்தன, ஒழுங்கான சுருள் அமைய வெகுகாலம் பிடிக்கும் என்றும் 2013-ல் சொல்லியிருந்தேன். அன்று பாடமே அதுதான். 2021 டிசம்பர் 25-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி போனது. அதன் படங்களில், இங்கே நம் யூனிவர்சிட்டி வளாகத்தில் இருக்கும் ரேடியோ வானியல் மையத்தைச் சேர்ந்த ரஷி ஜெயின், யோகேஷ் வாடதேக்கர் இருவரும் ஒரு காலக்ஸியைக் கண்டுபிடித்தார்கள். போன மாதம்தான் அறிவிப்பு வந்தது. பிரபஞ்சத்துக்கு இன்று 1,380 கோடி வயது. அதற்கு 150 கோடி வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளி அது. அதில் சுமார் 30,000 ஒளியாண்டு அகலத்தில், நடுத் தடிப்போடு, இரண்டு அழகான கரங்களோடு முழுச் சுருள்! அதற்கு 'அலகநந்தா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகாச கங்கைக்கு ஹிந்தியில் மந்தாகினி என்றும் பெயர். பத்ரிநாத் யாத்திரை போனவர்கள் ருத்ரபிரயாகில் இந்த இரண்டு நதியும் சேருவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை சீக்கிரத்தில் அந்தத் தட்டு எப்படி அமைந்தது, கரங்கள் எப்படி வந்தன என்பதைத்தான் இனிமேல் ஆராயப் போகிறார்கள். இதைப் பற்றி நான் அடித்து எதுவும் சொல்வதாக இல்லை.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கும் வழியைச் சொல்லி முடிக்கிறேன். பத்திரிகையில் படிக்கும் வெளியூர் அங்கத்தினர்களுக்கும் இது உதவும். கார்த்திகையிலிருந்து தை வரை, நிலா இல்லாத நாளில், இரவு எட்டு மணி வாக்கில் ஊருக்கு வெளியே போங்கள். பூரட்டாதி இரண்டு நட்சத்திரம், உத்திரட்டாதி இரண்டு நட்சத்திரம், நான்கும் சேர்ந்து கட்டில் கால்கள் மாதிரி பெரிய சதுரமாகத் தெரியும். உத்திரட்டாதியின் வடக்கு நட்சத்திரத்திலிருந்து வடகிழக்காக இரண்டாவது நட்சத்திரத்துக்குப் போங்கள். அங்கிருந்து, ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப் போல வடக்கே ஐந்து நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அந்தப் பக்கமாகத் திரும்பி, மங்கலான நட்சத்திரங்கள் இரண்டை எண்ணுங்கள். இரண்டாவதன் பக்கத்தில் ஊதிவிட்ட விபூதி மாதிரி ஒரு திட்டு. அதுதான் ஆண்ட்ரோமெடா, 25 லட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பிய வெளிச்சம். நேராக முறைத்தால் மறைந்துவிடும். கடைக்கண்ணால் பார்க்க வேண்டும்.

தை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நாராயண்காவ் தாண்டி ஒரு பஸ் ஏற்பாடு செய்திருக்கிறோம். மறுநாள் தர்ப்பணம் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், ராத்திரி பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். நண்பரின் சம்சாரம் முதல் பெயராகக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் போன வருஷம் இரண்டு கண்ணிலும் காடராக்ட் எடுத்தாயிற்று. ஸ்வெட்டர் அவசியம். தயிர் சாதம் நாங்கள் கொண்டுவருகிறோம். டார்ச் லைட் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.